நகரும் வீடும் நிலைத்த மனமும்

படுக்கை, சமையல் மேடை, குளியலறை, தண்ணீர்த் தொட்டி, மின்கலம் ஆகிய அனைத்தும் ஒரே வண்டிக்குள் அடங்கிய நடமாடும் வீடுகள் மேலை நாடுகளில் நெடுங்காலமாக உள்ளன. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் இவற்றைத் திரைப்படப் படப்பிடிப்பு நடக்கும் இடங்களில் பார்த்திருப்பார்கள். 'கேரவன்' என்ற பெயரும் அவ்வழியே பழகிவிட்டது. அண்மைக் காலமாக நமது நாட்டிலும் இத்தகைய வண்டிகள் சுற்றுலாவுக்குப் பயன்படுகின்றன. கேரள அரசு 2021-ஆம் ஆண்டில் இதற்கென ஒரு திட்டத்தையே அறிவித்தது.

இவ்வண்டிகளில் குடும்பமாகச் செல்வோர் ஒருபுறம் இருக்க, தன்னந்தனியாகச் செல்வோரும் உண்டு. நான்கைந்து பேர் தங்கக்கூடிய பெரிய வண்டியில் ஒருவர் மட்டுமே இருந்து, ஓட்டி, சமைத்து, உறங்கி, மாதக்கணக்கில் ஊர் ஊராகச் செல்கிறார். பணி ஓய்வு பெற்றவர், வாழ்க்கைத் துணையை இழந்தவர், பிள்ளைகள் தொலைதூரத்தில் குடியேறிவிட்ட முதியவர், கணினியின் துணையால் எங்கிருந்தும் வேலை செய்யும் இளைஞர் எனப் பலரும் இவர்களில் அடங்குவர். யாருக்கும் பாரமாக இராமல், யாருடைய பாரத்தையும் சுமக்காமல் சில காலம் வாழ வேண்டும் என்பதே இவர்களது விருப்பம்.

இந்த விருப்பத்தை ஆடம்பரம் என்று கூறி எளிதில் ஒதுக்கிவிட முடியாது. தனியே சுற்றித் திரிபவரை உயர்ந்தவராகப் போற்றிய பண்பாடு நம்முடையது. ஓரிடத்தில் நிலையாகத் தங்காமல் சஞ்சரிக்கும் துறவிக்குப் 'பரிவ்ராஜகன்' என்று பெயரிட்டு, அவன் வந்தால் எழுந்து நின்று வணங்கிய மக்கள் இங்கு வாழ்ந்தார்கள். ஆனால் பரிவ்ராஜகன் வீட்டை விட்டுச் சென்றான். இக்காலப் பயணி வீட்டையும் எடுத்துச் செல்கிறான். இந்த வேறுபாடு சிறியதா, பெரியதா? வீட்டைக் கூடவே கொண்டு செல்பவன் உண்மையில் எதையேனும் விட்டுச் செல்கிறானா? அவன் அடைவது சுதந்திரமா, அல்லது கடமைகளிலிருந்து தப்பித்தலா? இக்கேள்விகளை ஆராய்வதற்குக் கொல்கத்தா நகரின் வரலாறு பல சான்றுகளைத் தருகிறது.

கல்கத்தாவுக்கு வந்த வண்டிகள்

ஐரோப்பாவிலிருந்து தரைவழியாகவே இந்தியாவுக்கு வண்டியில் வருவது ஒரு காலத்தில் இயல்பாக இருந்தது. 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் லண்டனிலிருந்து 'இந்தியாமேன்' என்ற பேருந்து 20 பயணிகளுடன் புறப்பட்டது. ஐரோப்பிய நாடுகள், துருக்கி, ஈரான், பாகிஸ்தான் வழியாக வந்து ஜூன் 5-ஆம் நாள் அது கல்கத்தாவை அடைந்தது. ஒருவழிக் கட்டணம் 85 பவுன்.

இதற்குப் பதினோரு ஆண்டுகளுக்குப் பின், 1968-இல், 'ஆல்பர்ட்' என்ற ஈரடுக்குப் பேருந்து ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. ஆண்டி ஸ்டூவர்ட் என்ற ஆங்கிலேயர் தமது தாய்நாடு திரும்புவதற்காக வாங்கிய வண்டி அது. அதில் அடுக்குப் படுக்கைகளும் சமையலறையும் அமைக்கப்பட்டிருந்தன. அது ஒரு வண்டி என்பதைவிட, சக்கரங்களின் மீது வைக்கப்பட்ட வீடு என்பதே பொருந்தும். பின்வந்த ஆண்டுகளில் லண்டனுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே அது பலமுறை ஓடியது. 1979-ஆம் ஆண்டில் ஈரானில் நிகழ்ந்த புரட்சியும், அதே ஆண்டின் இறுதியில் ஆப்கானிஸ்தானில் தொடங்கிய போரும் அந்தத் தரைவழியையே ஏறத்தாழ மூடிவிட்டன.

இவ்வரலாற்றில் கவனிக்கத்தக்க உண்மை ஒன்று உண்டு. நகரும் வீடு சுதந்திரத்தின் அடையாளமாகத் தோன்றுகிறது. ஆனால் நிலையான வீட்டைவிட அது பிறரையே அதிகமாகச் சார்ந்திருக்கிறது. சாலை அமைத்தவர்கள், எல்லையில் அனுமதி தருபவர்கள், எரிபொருள் விற்பவர்கள், பழுது நீக்குபவர்கள் ஆகிய அனைவரும் இருந்தால்தான் அது ஓர் அடி நகரும். எங்கோ இரு நாடுகளில் அமைதி குலைந்ததும், ஆயிரக்கணக்கான மைல் நீண்ட வழி நின்றுபோனது. ஆகவே, 'நான் யாரையும் சாராதவன்' என்று நகரும் வீட்டில் இருந்துகொண்டு ஒருவன் நினைப்பானாயின், அது உண்மையன்று. தன்னைத் தாங்கும் கைகளை அவன் பார்க்கவில்லை என்பதே உண்மை.

பத்மா நதியில் மிதந்த வீடு

மோட்டார் வண்டிகள் தோன்றுவதற்கு முன், வங்காளத்தில் நகரும் வீடாக விளங்கியது படகு. ஆறுகளே சாலைகளாக இருந்த அந்நாட்டில், செல்வந்தர்கள் அறைகளும் சாளரங்களும் கொண்ட பெரிய படகுகளில் வாரக்கணக்கில் வாழ்ந்தார்கள்.

கல்கத்தாவின் ஜோராசாங்கோ பகுதியில் வாழ்ந்த தாகூர் குடும்பத்தினரும் அத்தகையோரே. மகரிஷி தேவேந்திரநாத் தாகூர் 1846-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் மனைவி மக்களுடன் கங்கையில் படகுப் பயணம் மேற்கொண்டார். வழியில் கடும் புயல் வீசியது. அப்பயணத்தின்போதே, அவரது தந்தை துவாரகாநாத் இங்கிலாந்தில் காலமான செய்தியைத் தூதன் ஒருவன் கொண்டுவந்தான். அதைத் தொடர்ந்து தந்தை விட்டுச்சென்ற பெருங்கடன்களும் அவர் தோளில் ஏறின. அவற்றைத் தம் கடமையாகவே அவர் ஏற்றுக்கொண்டார். வீடு எந்த நீரில் மிதந்தாலும், துயரமும் கடமையும் அதைத் தேடி வந்து சேர்ந்துவிடுகின்றன.

அவருடைய மகன் ரவீந்திரநாதர் 1890-களில் குடும்ப நிலங்களை மேற்பார்வையிடும் பொறுப்பை ஏற்றார். ஷிலைதஹா, ஷாஜாத்பூர், பதிசர் ஆகிய அவ்விடங்கள் இன்று வங்கதேசத்தில் உள்ளன. 'பத்மா' என்ற குடும்பப் படகு அவருக்கு வீடாகவும் அலுவலகமாகவும் எழுதும் அறையாகவும் இருந்தது. கல்கத்தாவின் கூட்டத்திலிருந்து விலகி, நீரும் மணல்திட்டும் வானமும் மட்டுமே தெரிந்த அந்தத் தனிமையைக் குறித்துத் தம் அண்ணன் மகள் இந்திராதேவிக்கு அவர் எழுதிய கடிதங்கள் புகழ்பெற்றவை. அவற்றிலிருந்து தொகுக்கப்பட்ட நூல் 'சின்னபத்ரா' என்ற பெயரில் 1912-இல் வெளியாயிற்று.

அவரது தனிமை உண்மையானதே. ஆயினும் அந்தப் படகைத் துடுப்பிட்டவர்கள் இருந்தனர், சமைத்தவர்கள் இருந்தனர், அதன் செலவுக்கு வரி செலுத்திய குடியானவர்கள் கரையில் இருந்தனர். பிறருடைய உழைப்பின் மீதுதான் அத்தனிமை மிதந்தது. இதை அறியாதவராக ரவீந்திரநாதர் இருக்கவில்லை. படகின் சாளரம் வழியே முதலில் காட்சியாகத் தோன்றிய கிராம மக்கள் நாளடைவில் அவருக்குப் பொறுப்பாக மாறினார்கள். வட்டிக்காரர்களிடமிருந்து குடியானவர்களை விடுவிக்க 1905-இல் பதிசரில் ஒரு விவசாய வங்கியை அவர் தொடங்கினார். 1906-இல் தம் மகனை அமெரிக்காவுக்கு அனுப்பியபோது, அவர் தேர்ந்தெடுத்த படிப்பு விவசாயம். 1913-இல் கிடைத்த நோபல் பரிசுப் பணத்தையும் அந்தச் சிறு வங்கியிலேயே இட்டார். கிராமப் புனரமைப்புக்காக 1922-இல் ஸ்ரீநிகேதனம் தோன்றியது. படகில் கிடைத்த தனிமைக்கு அவர் செலுத்திய கடன் என்று இவற்றைக் கூறலாம்.

அந்நாட்களில், 1891-இல், அவர் எழுதிய 'போஸ்ட்மாஸ்டர்' என்ற சிறுகதை இக்கேள்வியை மேலும் ஆழமாகத் தொடுகிறது. கல்கத்தாவைச் சேர்ந்த ஓர் இளைஞர் குக்கிராமத்தில் தபால் அதிகாரியாக வருகிறார். அவருக்கு வீட்டு வேலை செய்யும் ரத்தன் என்ற அநாதைச் சிறுமி, அவர் நோயுற்றபோது தாயைப்போல் பணிவிடை செய்கிறாள். வேலையை விட்டு ஊர் திரும்ப அவர் முடிவு செய்ததும், தன்னையும் அழைத்துச் செல்லுமாறு கேட்கிறாள். அது நடவாத காரியம் என்று அவர் சிரிக்கிறார். படகு புறப்பட்ட பிறகு அவர் மனம் வலிக்கிறது. திரும்பிச் சென்று அவளை அழைத்து வரலாமா என்றும் நினைக்கிறார். ஆனால் பாயில் காற்று நிறைந்துவிட்டது. வாழ்வில் எத்தனையோ பிரிவுகள், எத்தனையோ மரணங்கள். இவ்வுலகில் யார் யாருக்குச் சொந்தம் என்ற தத்துவம் அவர் மனத்தில் எழுந்து ஆறுதல் அளிக்கிறது. கரையில் கண்ணீருடன் தபால் நிலையத்தைச் சுற்றிவரும் சிறுமிக்கோ அத்தகைய தத்துவம் எதுவும் துணையாக வரவில்லை.

ஆன்மிக நாட்டம் உடையவர்கள் இக்கதையைச் சற்று நிதானமாகச் சிந்திக்க வேண்டும். 'யார் யாருக்குச் சொந்தம்' என்பது வேதாந்தம் காட்டும் உண்மைதான். ஆனால் அது எந்த நேரத்தில், யார் வாயில், எதற்காக வருகிறது என்பது முக்கியம். தன் உடைமையை இழக்கும்போது இவ்வுண்மை ஒருவனுக்குத் தோன்றினால் அது விவேகம். தன்னை நம்பியிருப்பவரைக் கைவிடும்போது மட்டும் தோன்றினால் அது வசதி.

கீதை காட்டும் இரண்டு இணைகள்

தனிமையைப் பற்றிப் பகவத்கீதை கூறும் இடங்களில் இரண்டு சொல் இணைகள் இங்கு நேரடியாகப் பொருந்துகின்றன.

முதலாவது ஆறாம் அத்தியாயத்தில் உள்ளது. தியானம் பயில்பவனின் இலக்கணத்தைக் கூறும் பத்தாம் சுலோகத்தில் 'ஏகாகீ', அதாவது தனித்திருப்பவன் என்ற சொல் வருகிறது. அதே சுலோகம் 'அபரிக்ரஹ' என்ற சொல்லுடன் முடிகிறது. பொருள்களைச் சேர்த்துவைக்காதவன் என்பது அதன் பொருள். மனத்தையும் உடலையும் அடக்கியிருத்தல், எதிர்பார்ப்பு இன்மை ஆகியவையும் அங்கே உடன் கூறப்படுகின்றன. மனிதர்களை விட்டு விலகுவது மட்டும் தனிமை ஆகாது. பொருள்களின் கூட்டத்தையும் எதிர்பார்ப்புகளின் கூட்டத்தையும் விட்டு விலக வேண்டும் என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

நகரும் வீட்டில் தனியே செல்பவரின் ஒரு நாளை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் உள்ளது, கழிவுநீரை எங்கே வெளியேற்றுவது, மின்கலம் இரவு முழுவதும் தாங்குமா, இவ்வளவு பெரிய வண்டி இந்தக் குறுகிய பாலத்தில் செல்லுமா, இரவில் எங்கே நிறுத்துவது என்று கேள்விகள் தொடர்ந்து எழுகின்றன. நிலையான வீட்டில் குழாயைத் திறக்கும்போது யாரும் தண்ணீரைப் பற்றி நினைப்பதில்லை. நகரும் வீட்டிலோ ஒவ்வொரு குவளைத் தண்ணீரும் மனத்தில் ஓரிடத்தைப் பிடிக்கிறது. வீடு சிறியதாகும்போது பற்றும் சிறியதாகும் என்று கூற முடியாது. சில சமயம் அது அடர்த்தியாகிறது. அதே வேளையில், விழிப்புள்ள ஒருவருக்கு இதுவே ஒரு பயிற்சியாகவும் அமையலாம். எவ்வளவு குறைவான நீரிலும் ஒளியிலும் வாழ முடியும் என்று அவர் கற்றுக்கொள்வாராயின், அபரிக்ரஹத்தின் முதற்படியில் அவர் காலடி வைத்துவிட்டார்.

இரண்டாவது இணை பன்னிரண்டாம் அத்தியாயத்தின் பத்தொன்பதாம் சுலோகத்தில் உள்ளது. இறைவனுக்குப் பிரியமான பக்தனின் இயல்புகளைக் கூறும்போது 'அநிகேத', 'ஸ்திரமதி' என்ற இரு சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன. வீடற்றவன், நிலைத்த மதி உடையவன் என்பது பொருள். ஸ்ரீசங்கரர் 'அநிகேத' என்பதற்கு, நிலையான வசிப்பிடம் இல்லாதவன் என்று நேரடியாகவே பொருள் கூறுகிறார். ஸ்ரீராமானுஜரோ, மதி ஆன்மாவில் நிலைத்துவிட்டதால் வீடு முதலியவற்றில் பற்று நீங்கியவன் என்று பொருள் காண்கிறார்.

இவ்விரு உரைகளும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ஒன்றின் துணை மற்றதற்குத் தேவை. வீட்டில் இருந்துகொண்டே வீட்டில் பற்றற்று வாழ முடியும் என்பதை ஸ்ரீராமானுஜரின் விளக்கம் இல்லறத்தாருக்கு உறுதிப்படுத்துகிறது. 'எனக்குப் பற்றில்லை' என்று கூறிக்கொண்டே எல்லாவற்றையும் வைத்திருப்பது எளிது. அந்த ஏமாற்றத்திலிருந்து ஸ்ரீசங்கரரின் விளக்கம் காக்கிறது. இரண்டிலும் பொதுவாக நிற்பது மதியின் நிலைப்பாடு. பக்தனுக்கு வீடு இல்லை, மனம் நிலைத்திருக்கிறது. இன்றைய பயணிக்கு வீடு இருக்கிறது. அதுவும் நகர்கிறது, மனமும் நகர்கிறது. ஓர் ஊரின் அமைதி மூன்று நாட்களில் சலித்துவிடுகிறது; அடுத்த ஊரின் அமைதியைத் தேடி வண்டி புறப்படுகிறது. சக்கரங்கள் சுழல்வதில் தீங்கு இல்லை. மனம் அவற்றோடு சேர்ந்து சுழல்கிறதா என்பதே கேள்வி.

சஞ்சரிக்கும் துறவிக்கும் சாஸ்திரம் சாதுர்மாஸ்யத்தை விதித்திருப்பது இதனுடன் சேர்த்து எண்ணத்தக்கது. மழைக்காலத்தில் சிற்றுயிர்கள் மிகுந்திருக்கும். நடந்தால் அவை மிதிபடும். ஆகவே அப்போது ஓரிடத்தில் தங்கியிருக்க வேண்டும் என்பது விதி. தன் பயணத்தால் துன்புறும் உயிர்களை எண்ணி, பயணத்தையே நிறுத்திக்கொள்வது பரிவ்ராஜகனின் தர்மத்தில் ஓர் அங்கம்.

தட்டப்படும் கதவு

வீட்டை விட்டுச் செல்பவனுக்கும் வீட்டை எடுத்துச் செல்பவனுக்கும் இடையே உள்ள மிகப் பெரிய வேறுபாடு வேறொன்று. வீடற்றவன் மாலையானதும் யாருடைய கதவையாவது தட்டியாக வேண்டும். வீட்டோடு செல்பவனுக்கு யாருடைய கதவையும் தட்ட வேண்டிய தேவையே இல்லை.

சுவாமி விவேகானந்தர் 1890 ஜூலையில் கல்கத்தாவை விட்டுப் புறப்பட்டார். தொடக்கத்தில் சகோதரச் சீடர்கள் அவருடன் இருந்தனர். 1891-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மீரட்டில் அவர்களை விட்டுப் பிரிந்து தனியே சென்றார். கையில் தண்டமும் கமண்டலமும், படிப்பதற்குக் கீதையும் 'கிறிஸ்துவைப் பின்பற்றுதல்' என்ற நூலும் இருந்தன. ராஜஸ்தானம், குஜராத், மகாராஷ்டிரம், மைசூர், கேரளம் வழியாக 1892 டிசம்பரில் கன்னியாகுமரியை அடைந்தார். எதுவும் இல்லாதவராகச் சென்றதாலேயே அவர் அரண்மனையிலும் தங்கினார், ஏழையின் குடிசையிலும் உண்டார். உணவுக்காகத் தட்டிய ஒவ்வொரு கதவும் இந்தியாவின் ஒரு பக்கத்தை அவருக்குத் திறந்து காட்டியது. தனிமையை நாடிச் சென்றவர் கோடிக்கணக்கான மக்களைத் தமது இதயத்தில் சுமந்து திரும்பினார்.

கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட வேறொரு பயணியின் வாழ்க்கையிலும் இதே உண்மை வெளிப்படுகிறது. 1926 டிசம்பரில் பிமல் முகர்ஜி என்ற இளைஞர் மூன்று தோழர்களுடன் சைக்கிளில் உலகைச் சுற்றப் புறப்பட்டார். பின்னர் தனித்தே பயணத்தைத் தொடர்ந்து, 1937-இல் தாயகம் திரும்பினார். கையில் பணம் இல்லாததால் வழியெங்கும் வேலை செய்தே வாழ வேண்டியிருந்தது. 'து சாகாய் துனியா' என்ற அவரது வங்க நூல் அப்பயணத்தின் பதிவு. இரண்டு சக்கரங்களைத் தவிர வேறெதுவும் இல்லாத ஒருவரை, அவருடைய இல்லாமையே அந்நிய நாட்டு மக்களிடம் அழைத்துச் சென்றது.

அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக்கின் பயணம் இதற்கு மறுபக்கம். தமது நாட்டையே தாம் மறந்துவிட்டதாக உணர்ந்த அவர், 1960-ஆம் ஆண்டில் ஒரு பிக்கப் வண்டியின் மீது சிறு வீட்டை அமைத்து, சார்லி என்ற நாயுடன் ஏறத்தாழ 10,000 மைல் சுற்றினார். 1962-இல் வெளியான அவரது பயண நூல், தனியே வண்டியில் செல்ல விரும்புவோருக்கு இன்றும் முன்மாதிரியாக உள்ளது. அப்பயணத்தின் கணிசமான நாட்களில் அவருடைய மனைவி உடன் இருந்தார் என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். தனிமையை நாடிய மனிதனுக்கும் துணை தேவைப்பட்டது என்பதில் குறை காண ஏதுமில்லை.

பயணத்தின் இறுதியில் நிகழ்ந்ததே முக்கியமானது. அந்த ஆண்டு நவம்பரில் நியூ ஆர்லியன்ஸ் நகரில், வெள்ளையர் மட்டுமே படித்துவந்த பள்ளியில் ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி சேர்க்கப்பட்டாள். பள்ளி வாசலில் ஒரு கூட்டம் தினந்தோறும் கூடி வசைபாடியது. ஸ்டைன்பெக் தமது நகரும் வீட்டை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, வாடகைக் காரில் சென்று அக்கூட்டத்தின் நடுவே நின்று அதைக் கண்டார். அதன்பின் பயணத்தில் அவருக்கு நாட்டம் குறைந்தது. வீடு திரும்பவே விரைந்தார். ஆயிரக்கணக்கான மைல் ஓட்டியபோது காணாத தமது நாட்டை, வண்டியை விட்டு இறங்கி நின்ற சிறிது நேரத்தில் அவர் கண்டார். சாளரம் காட்சியைத் தரும். மனிதனைக் காண வேண்டுமானால் கதவைத் திறந்து இறங்க வேண்டும்.

விரும்பாமல் நகர்பவர்கள்

வண்டியையே வீடாகக் கொண்டு தனியே வாழ்பவர்கள் நமது நாட்டில் இல்லாமல் இல்லை. அவர்களைப் பயணிகள் என்று யாரும் அழைப்பதில்லை, அவ்வளவுதான்.

சென்னையையும் கொல்கத்தாவையும் இணைக்கும் 16-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இரவும் பகலும் லாரிகள் செல்கின்றன. நாமக்கல், சங்ககிரிப் பகுதிகளைச் சேர்ந்த ஓட்டுநர்கள் அவ்வழியே வாரக்கணக்கில் வீட்டைப் பிரிந்து செல்கிறார்கள். கேபினே படுக்கையறை. லாரியின் நிழலில் ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சோறு சமைத்துக்கொள்கிறார்கள். லோடு இறக்கவும், திரும்புவதற்கு லோடு கிடைக்கவும் மொழி தெரியாத ஊரில் நாட்கணக்கில் காத்திருக்கிறார்கள். உடன் கிளீனர் இல்லாமல் தனியே ஓட்டிச் செல்பவர்களும் உண்டு. கொல்கத்தாவிலோ, கைரிக்ஷா இழுப்பவர்கள் பலர் பீகார் கிராமங்களில் குடும்பத்தை விட்டுவிட்டு வந்தவர்கள். பகலில் பிறரைச் சுமந்த வண்டியிலேயே இரவில் கால்களை மடக்கிப் படுத்து உறங்குபவர்களை அந்நகர வீதிகளில் காணலாம்.

இவர்களும் தனிமையில் இருக்கிறார்கள். இவர்களுடைய உடைமைகளும் மிகக் குறைவு. ஆயினும் இதைத் துறவு என்று புகழ்வது கொடுமை. விரும்பி ஏற்ற எளிமை தவம். வேறு வழியின்றி வந்த இல்லாமை துன்பம். விரும்பியபோது புறப்பட்டு, விரும்பியபோது திரும்பும் தனிமை உண்மையில் ஒரு செல்வம். எல்லாச் செல்வங்களையும் போலவே அதற்கும் ஒரு கடன் உண்டு. நெடுஞ்சாலையோரத்தில் வசதியான வண்டியில் இரவைக் கழிக்கும் ஒருவர், பக்கத்தில் நிற்கும் லாரியின் ஓட்டுநரைக் கண்டு ஒரு நல்ல வார்த்தை பேசுவாராயின், தம் தண்ணீரில் ஒரு குடம் அளிப்பாராயின், அந்தக் கடனில் ஒரு சிறு பகுதி தீர்கிறது.

தனிமையின் அளவுகோல்

அவ்வாறாயின் தனியே செல்ல விரும்புபவரைத் தடுக்க வேண்டுமா? தேவையில்லை. ஸ்ரீராமகிருஷ்ணர் தட்சிணேசுவரத்தில் தம்மைக் காணவந்த கல்கத்தா இல்லறத்தாரிடம், அவ்வப்போது தனிமையை நாடுமாறு வற்புறுத்தினார். பாலை அசையாமல் வைத்தால்தான் தயிராகும். அதைக் கடைந்து எடுத்த வெண்ணெய் தண்ணீரில் கரையாமல் மிதக்கும் என்பது அவர் கூறிய உவமை. வெண்ணெய் திரும்பவும் தண்ணீரில் இடப்படுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. தனிமை ஒரு பயிற்சிக் காலம். அதன் நோக்கம் உலகில் கரையாமல் வாழ்வது. துன்பத்துக்கு அஞ்சி ஓடுவதை 'மர்க்கட வைராக்கியம்', அதாவது குரங்கு வைராக்கியம் என்று கூறி எச்சரித்தவரும் அவரே.

ஆகவே, புறப்படுபவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று. முதலாவது, புறப்படும் முன் கேட்க வேண்டியது: 'நான் சென்றால் கரையில் நின்று அழுபவர் யாரேனும் உண்டா? நோயுற்ற பெற்றோர், பேசித் தீர்க்கப்படாத மனத்தாங்கல், பாதியில் நிற்கும் பொறுப்பு ஏதேனும் உண்டா?' அத்தகையது ஏதும் இருப்பின், பயணத்தின் முதற்கட்டம் அதைச் சரிசெய்வதே. துணையை இழந்த துயரத்தில் புறப்படுபவருக்கும் இது பொருந்தும். துயரம் வண்டியில் ஓர் இருக்கையைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளும். அதனுடன் அமைதியாக உட்காரக் கற்றுக்கொள்வதற்காகச் செல்லலாம். அதை ஏமாற்றிவிட்டு வேகமாக ஓட்டிவிடலாம் என்று செல்வது பயன் தராது.

இரண்டாவது, வழியில் கேட்க வேண்டியது: 'இன்று யாருடைய கதவையேனும் நான் தட்டினேனா? என் கதவை யாரேனும் தட்டினால் திறந்தேனா?' மூன்றாவது, திரும்பியபின் கேட்க வேண்டியது: 'நான் எதைக் கொண்டுவந்தேன்?' படங்களும் நினைவுகளும் போதுமானவை அல்ல. கோபம் சற்றுக் குறைந்திருக்கிறதா, பிறர் பேசும்போது கேட்கும் பொறுமை வளர்ந்திருக்கிறதா, வீட்டில் தம் பொருட்டு உழைப்பவர்களைக் காணும் கண் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கன்னியாகுமரி வரை தனியே நடந்த சுவாமிஜி 1897-இல் கல்கத்தா திரும்பியபின், அவ்வாண்டு மே முதல் நாளில் சேவைக்கான ஓர் அமைப்பைத் தொடங்கினார். ரவீந்திரநாதரின் படகு ஒரு விவசாய வங்கியின் வாசலில் கரை சேர்ந்தது. எல்லோராலும் அவ்வளவு செய்ய இயலாது. ஆனால் பலனின் அளவு எதுவாயினும், அதன் திசை அதுவாகவே இருக்க வேண்டும்.

ஸ்ரீமத் பாகவதத்தின் பதினோராம் ஸ்கந்தத்தில், அவதூதர் தம் குருமார்களுள் ஒருவராக ஒரு கன்னிப் பெண்ணைக் குறிப்பிடுகிறார். அவள் நெல் குத்தும்போது கையிலுள்ள வளையல்கள் ஒலித்தன. ஒவ்வொன்றாகக் கழற்றி, கைக்கு ஒன்று மட்டும் எஞ்சியதும் ஓசை அடங்கியது. பலர் சேர்ந்தால் கலகம், இருவர் சேர்ந்தால் பேச்சு. ஆகவே தனித்திரு என்பது அவதூதர் கற்ற பாடம். இக்கதையில் பலரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. அவள் நெல் குத்தியது வீட்டுக்கு வந்திருந்த விருந்தினர்களின் உணவுக்காக. வறுமை வெளியே தெரிந்துவிடாமல், வந்தவர்களுக்கு மதிப்புடன் அன்னமிட வேண்டும் என்பதற்காகவே அவள் வளையல்களைக் கழற்றினாள். அந்த ஒற்றை வளையலின் அமைதி பிறர் பசியாறுவதற்காக உண்டானது.

பெரிய வண்டியில் செல்பவரோ, கால்நடையாகச் செல்பவரோ, பிறந்த வீட்டின் ஒரே அறையில் வாழ்ந்து முடிப்பவரோ, எவராயினும் தம் தனிமையை இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம். நம் உள்ளத்தில் உண்டான அமைதி யாருக்கேனும் உணவாகிறது என்றால், வீடு நின்றாலும் நகர்ந்தாலும் மனம் நிலைபெறத் தொடங்கிவிட்டது என்று அறியலாம்.